பாவம் காட்டும் பாவை

பாத்திரக் கடை மாடியில் ஒரு பாவை பேசுகிறதாம், கேள்விப்பட்டீர்களா? வாயால் அல்ல, வளைந்து பேசுகிறது. உள்ளங்கை அகலத்தில், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாய் ஒரு தோல் பொம்மை. உங்கள் கையில் வைத்தால் நேராகப் படுத்துக் கிடக்க வேண்டும். கிடந்தால் நீங்கள் புண்ணியவான். சுருண்டால் பாவி. காலை ஏழு மணிக்கே வரிசை படியிறங்கி, தெருமுனைச் சலவைக் கடை வரை வந்துவிடும். படித்தவர், படிக்காதவர், பாதி படித்து மீதியை மறந்தவர் எல்லாரும் நின்றார்கள். ஊரில் ஒரு புண்ணியவான்கூட இல்லை என்பது மூன்றே நாளில் தெரிந்துபோயிற்று. யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் அவரவருக்குத் தெரியுமே.

பாவையின் சொந்தக்காரர் பாவைச்சாமி. "ஆதியில ஒரு தேவதையோட நிழல் மான்தோல் மேல விழுந்துச்சு. தேவதை போயிட்டா, நிழல் போகல. அதை ஒருத்தன் வெட்டி எடுத்தான். பாவைக்கூத்தே அதுலேருந்துதான் பிறந்துச்சு. பாவத்தைக் காட்டுறதாலதான் அதுக்குப் பாவைன்னு பேரு" என்பார். திங்கட்கிழமை மான்தோல். வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகமானால் அதுவே புலித்தோல். பாவைக்கூத்து ஆடியவர்கள் விரல் தேயத் தோலைச் சுரண்டி, துளை துளையாகச் செதுக்கி, விளக்கு வெளிச்சத்தில் நிழலாட்டிக் கதை சொல்லிப் பிழைத்தார்கள். இவர் கதை விட்டுப் பிழைத்தார்.

பாவிக்குப் பரிகாரமும் உண்டு. உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைப் பூசிவிட்டு மறுபடி பாவையை வைப்பார். கட்டை மாதிரி அசையாமல் கிடக்கும். பாவம் போயிற்று, காணிக்கை வந்தது. ஆனால் எல்லாருக்கும் தீர்ந்துவிட்டால் பயம் விட்டுப்போகுமே? நடுநடுவே ஒருத்தருக்காவது தீராத பாவம் வேண்டும்.

அப்படிச் சிக்கியவள்தான் ஒரு வீட்டின் இளைய மருமகள், சின்னவள். கல்யாணமாகி எட்டு மாதம். அதற்குள் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார், புருஷனுக்கு வேலை போயிற்று. மாமியார் அவளை மாடிக்கு அழைத்துப் போனாள். பயந்தால் சின்னவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். வைத்த நொடியில் பாவை சுருண்டு உருண்டது.

"உங்க வீட்டைப் பிடிச்ச பீடை இவதான். ஞாயித்துக்கிழமை மறுபடி பார்ப்போம். அன்னைக்கும் சுருண்டா, பிறந்த வீட்டுல விட்டுட்டு வந்துடுங்க" என்றார் பாவைச்சாமி.

ஞாயிறு காலை சின்னவளின் பெட்டி வாசலருகே தயாராக இருந்தது. பெட்டியைக் கட்டியவன் புருஷன்காரன்தான். மூத்த மருமகளான பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் தோல்பைப் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள். மழை நாளில் சீவித் தள்ளிய தோல் சீவல்கள் ஈர மேசையில் புழுவாக நெளிவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். "நானும் வர்றேன் அத்தை" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மாடியில் பாவைச்சாமி தேவதையின் நிழலை ஒருமுறை விழவைத்து முடித்தார்.

"ஒரு சந்தேகம் சாமி. பாவத்தைக் காட்டுறதால பாவைன்னீங்க. அப்ப பாவக்காய் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் பெரியவள்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நக்கல் பண்ணாதே. நாக்கு இழுத்துக்கும்."

"இழுத்துக்கட்டும், அத்தை நிம்மதியா இருப்பாங்க. அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க."

பைக்குள்ளிருந்து ஒரு ஈரத் துணியை எடுத்து மேசையில் விரித்தாள். அவர் தடுப்பதற்குள் பாவையைத் தூக்கி அதன்மேல் போட்டாள். பாவை தலையைத் தூக்கியது, இடுப்பை நெளித்தது, சுருண்டு படுத்தது.

"அத்தை, இது நம்ம வீட்டு அடுப்பு துடைக்கிற துணி. இது யார் குடியைக் கெடுத்துச்சு?"

மாமியார் துணியைப் பார்த்தாள், சாமியைப் பார்த்தாள்.

"இது ஆட்டுத் தோல்லேருந்து சீவி எடுத்த ஜவ்வு. ஈரம் பட்டாச் சுருளும். எங்க பட்டறையில கூட்டிப் பெருக்கித் தள்ளுவோம். சாமி, கையைக் கழுவிட்டு நீங்க வச்சுக் காட்டுங்க."

"என் கை பூஜை பண்ற கை. கழுவக் கூடாது."

"கழுவாமயா சாப்பிடுறீங்க?" என்று வரிசையில் நின்ற சலவைக் கடைக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றினார். ஈரக் கையில் பாவை விழுந்தது. விழுந்த வேகத்தில் சுருண்டது.

பெரியவள் சின்னவளின் கையைத் துடைத்து, சாமியின் பொடியையே அள்ளிப் பூசி, மேசை மூலையில் அடுக்கி வைத்திருந்த பாவைகளில் இன்னொன்றை எடுத்து வைத்தாள். அசையவில்லை. மாமியார் குனிந்து அந்தக் கையை மோந்து பார்த்தாள்.

"அடப்பாவி, இது நான் முதுகுக்குப் போடுற வேர்க்குருப் பவுடர்."

சின்னவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். அழுதுகொண்டே கேட்டாள்: "எட்டு மாசமா கூட இருக்கேனே அத்தை. என்னைக் கேக்காம ஒரு தோலைப் போய்க் கேட்டீங்களே."

மாமியார் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவேயில்லை. பாவைச்சாமியைச் சலவைக் கடைக்காரரும் இன்னும் நாலு பேரும் கீழே இழுத்துப் போனார்கள்.

வரிசையில் நின்ற ஒருவருக்கு மட்டும் கவலை தீரவில்லை. "அப்ப எங்க பாவம் போகலையாம்மா?"

பெரியவள் அடுப்புத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"செத்த ஆட்டுத் தோலுக்கே ஈரம் பட்டதும் சொரணை வருது. உசுரோட இருக்கிற நமக்கு எப்பய்யா வரும்?"