கிருபாகரன் கட்டப்போகும் போர்க்கப்பல்

தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பவர் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மதுரையில் அதற்குத் தலைசிறந்த சான்று, இயற்பியல் ஆசிரியர் கிருபாகரன்.

அவருடைய கூட்டாளிகள் சமயநல்லூர்ப் பக்கத்துக் கண்மாயில் ஞாயிறுதோறும் கடற்போர் நடத்துகிறவர்கள். ஆளுக்கொரு குட்டிப் போர்க்கப்பல். கரையிலிருந்து ரிமோட்டில் ஓட்டி, குட்டி இரும்பு பால்ரஸ் குண்டுகளால் துளைத்து மூழ்கடிப்பார்கள். கிருபாகரனும் ஒன்று கட்டப்போகிறார். எதைக் கட்டுவது? பெரிய கப்பலுக்குப் பீரங்கி அதிகம், ஆனால் சட்டென்று திரும்பாது; சின்னது திரும்பும், ஆனால் நாலு ஓட்டை விழுந்தால் முங்கிவிடும்; ஜெர்மன் கப்பல் கம்பீரம், ஜப்பான் கப்பல் அழகு என்று வரைபடங்களைக் கட்டிலில் பரப்பி, ஸ்கேலால் அளந்து, ஒன்றை முடிவு செய்து, பல் தேய்க்கும்போது மனம் மாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். கண்மாய் இருமுறை நிரம்பி வற்றிவிட்டது. கப்பல்? பேச்சில் மிதக்கிறது.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, காப்பி ஆறுறதுக்குள்ள சரின்னுட்டீங்க," என்றாள் மனைவி ஜோசபின், படுக்க இடமில்லாமல்.

"அதுக்குப் பெறகுதான் யோசிச்சுப் பழகுனேன்."

போன ஞாயிறு பேரையூர் அணி சவாலுக்கு வந்தது. நம் அணியில் ஓர் ஆள் குறைந்தார். வேடிக்கை பார்க்கப் போன கிருபாகரனின் கையில் ரிமோட்டைத் திணித்தார் நண்பர் ஜெயபாண்டி.

"இது எந்த நாட்டுக் கப்பல் மாப்ள?"

"ஒட்டுப்பலகைக் கப்பல். ஓட்டுய்யா, வந்துட்டாங்ய!"

யோசிக்க நேரமில்லை. பேரையூர்த் தலைவர் முத்திருளனின் பிரம்மாண்டமான கப்பல் நேராக வந்தது. கிருபாகரன் ஒடித்துத் திருப்பி, அதன் வாலுக்குப் பின்னால் புகுந்து, பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். பெரிய கப்பல் மூக்கைத் தூக்கியபடி முங்கியது. பேன்ட்டோடு தண்ணீரில் குதித்து ஆடினார் மனிதர். தன் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்றுகூட அவர் அப்படி ஆடியதில்லை.

"நாளைக்கே பலகை அறுக்குறோம், இதே மாதிரிக் கப்பல்!" என்று சத்தியம் செய்துவிட்டு, சொட்டச் சொட்ட வீடு திரும்பினார்.

"முடிவு பண்ணியாச்சு ஜோசபின்!"

"நெசமாவா?"

"நெசந்தான். பேரு மட்டும் வைக்கணும். இருவது பேரு யோசிச்சிருக்கேன், உக்காரு."

ஜோசபின் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் போனில், ஆன்லைன் கடைக் கூடையில், வாங்காமலும் நீக்காமலும் மாதக்கணக்கில் கிடக்கிறதே ஒன்று, அதை இன்னும் எதனுடன் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?