தோணிக்கு எண் வாங்கிய படலம்

முறுக்குச்சாவி ஏந்திய முன்கையோய், ஒழுகலின் பகைவ, அடைப்பறுத்த அண்ணலே, நள்ளிரவில் அழைத்தாலும் நாளைக் காலையில் வருவதாய் வாக்களிக்கும் வள்ளலே, வாழ்க நீ. தெருவார் உன்னைக் குழாய்க்காரர் என்ற ஒற்றைச் சொல்லில் சுருக்கிவிட்டாலும், நின் பெரும்புகழை விரித்துரைக்கவே யாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டோம்.

ஞாயிறுதோறும் ஏரியில் உலாப்போக வேண்டும் என்னும் ஒரே வேட்கையால், கார் நிறுத்தும் கொட்டகையைப் போர்ப்பாசறையாக்கி, கார் தெருவில் வெயில் காய, பலகை அறுத்துப் பசை தடவி ஆணி அறைந்து, தன்னந்தனியனாய் ஒரு தோணியைச் சமைத்தான் அம்மாவீரன். வேலையிடங்களில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்களை இருபுறமும் மூடியிட்டு இருக்கைகளின் அடியில் வரிசையாய்க் கட்டினான். ஏன் என்று கேட்டவர்க்கு, கிடக்கட்டுமே என்றான். மேலும், தச்சன் எவனும் கனவிலும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தான். நீர் நிற்கும் இடத்துக்கெல்லாம் நீர் வடியவும் ஒரு வழி வேண்டும் என்னும் தொழில்தருமம் தவறாதவனாய், தோணியின் அடிப்பலகையில் துளையிட்டு, திருகித் திறந்து மூடும் பளபளக்கும் பித்தளைக் குழாய் ஒன்றைப் பொருத்தினான். அக்குழாய் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்வோம்.

அவன் மனையாளோ, பொறுமையில் பூமியையும் விஞ்சியவள் எனினும், பூமிக்கும் ஒரு நாள் நடுக்கம் வருவதுண்டு. தோணிக்குப் பதிவெண் தரும் பரிசோதனை நாள் விடிந்ததும் அவள் வாசலில் நின்று பறைசாற்றினாள்.

"இன்னிக்கு நம்பர் கிடைச்சா சரி. கிடைக்கலன்னா அத ரெண்டா அறுத்து மண்ணு கொட்டி ரோஜாச் செடி வெச்சிருவேன். தம்பிகிட்ட ரம்பம் எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன்."

தம்பி வந்திருந்தான். அக்காள் சொல்லைத் தட்டியறியாத அவன் கையில் ரம்பம் இருந்தது, அதன் பற்களுக்கு எண்ணெயும் பூசியிருந்தான்.

நம் வீரன் அதற்குமுன் கடந்துவந்த களங்களைக் கேட்பீராக. சொந்தமாய்ச் செய்த தோணிக்கும் செய்தவரிடமிருந்து உடையவருக்கு ஒப்படைப்புக் கடிதம் வேண்டும் என்றது சட்டம். உடனே அவன் செய்தவனாய் அமர்ந்து, உடையவனாகிய தனக்கு, மிக்க மரியாதையுடன் ஒரு கடிதம் எழுதி, எழுந்து எதிர்நாற்காலியில் அமர்ந்து நன்றியுடன் பெற்றுக்கொண்டான். எண் இல்லாத தோணி நீரில் இறங்கலாகாது என்றது பதிவு அலுவலகத்தின் முதற் சாளரம். நீரில் இறக்கிச் சோதிக்காமல் எண் தரலாகாது என்றது இரண்டாம் சாளரம். இரண்டுக்கும் நடுவே அவன் மத்தளம்போல் இருபுறமும் அடிபட்டுக் கிடக்கையில், மூன்றாம் சாளரத்துப் பெண்மணி, தேநீர் ஆறுவதற்குள் வேலையை முடிக்கும் அவசரத்தில், தற்காலிக எண் என்ற ஒன்று இருப்பதை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அதை அட்டையில் எழுதிக் கயிற்றில் கட்டித் தோணியின் கழுத்தில் தொங்கவிட்டான்.

பின்னர் படைக்கலம் திரட்டினான். ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொண்டான், ஊதல் கொண்டான், கயிறும் கைவிளக்கும் நீர் இறைக்கும் வாளியும் கொண்டான், மோட்டார் உள்ள கலமாதலால், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீராயிருக்க, தீயணைக்கும் கருவியும் கொண்டான்.

ஏரிக்கரையில் காத்திருந்தார் படகுப் பரிசோதகர். புன்னகையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருபவர். ஊதலை ஊதச் சொல்லிக் கேட்டார். அட்டையில் தொங்கிய எண்ணின் எழுத்துயரத்தை அளந்தார். விண்ணப்பத்தில் நால்வர் ஏறலாம் என்று எழுதியிருந்தமையால் நால்வர் ஏறியே காட்ட வேண்டும் என்றார். ஆகவே வீரனும், முகத்தைத் திருப்பிக்கொண்ட மனையாளும், ரம்பத்தைக் கீழே வைக்க மறுத்த மைத்துனனும், பரிசோதகரும் ஏறி அமர, தோணி ஒரு முறை பெருமூச்சு விட்டு மிதந்தது. வீரன் நெஞ்சு விம்மியது.

அப்போதுதான் பரிசோதகரின் பார்வை அடிப்பலகையில் விழுந்தது.

"இது என்னங்க, படகுல குழாய்?"

"மழைத் தண்ணி வடியறதுக்குங்க சார். கரையில ஏத்தின பிறகு தொறந்து விட்டா போதும்."

"அடியில தொறப்பு இருந்தா தொறந்து மூடிக் காட்டணும். தண்ணியிலேயே காட்டணும். விதி."

ஊரில் உள்ள குழாய்களையெல்லாம் அடக்கியாண்ட கை அதைத் திறந்தது. ஏரி உள்ளே வந்தது. கை மூடிற்று, குழாய் மூடவில்லை. பிடி சுற்றியது, சுற்றியது, செக்குமாடாய்ச் சுற்றியது. நீரோ கணுக்கால் கடந்து ஆடுதசை ஏறியது. மைத்துனன் ரம்பத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான். வீரன் வலமாய்த் திருகினான், இடமாய்த் திருகினான், கடைசியில், கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று முன்னோர் தடுத்த அதே செயலைச் செய்தான்.

மனையாள் குனிந்தாள். பிடியைக் கட்டைவிரலால் அழுத்தி, சற்றே மேலே தூக்கி, அரைச் சுற்றுச் சுற்றினாள். ஏரி நின்றது.

அவள் நிமிரவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தேய்ந்த பிடியை எப்படி மூட வேண்டும் என்று உலகில் அறிந்தவள் அவள் ஒருத்தியே. தன் வீட்டுச் சமையலறைக் குழாய் வழுக்குகிறது என்று அவள் ஆண்டுக்கணக்காய் முறையிட்டும், ஊர்க் குழாய்களைத் திருத்தி வந்த நம் வீரன் அதை ஒரு முறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. நல்ல பித்தளை என்று கழற்றிக்கொண்ட நாளைத் தவிர. தோணியில் ஏறிய பிறகும் அது அவள் கடைசியாய் மூடிய மூடலிலேயே இருந்துவந்தது.

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன், வந்துரும்னு சொன்னீங்களே," என்றாள். "அன்னிலேருந்து பாத்ரூம்ல வாளியில பிடிச்சு அடுப்படிக்குத் தூக்கிட்டு வரேன்."

நூறு அம்புகள் தைத்தாற்கூட அவன் தலை அவ்வளவு தாழ்ந்திராது. தன்னை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

முழங்காலளவு நீரில் அமர்ந்திருந்த பரிசோதகர் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்தார். நால்வர் இருக்க, பாதி ஏரி உள்ளே இருக்க, தோணி மூழ்கவில்லை. இருக்கைக்கடியில் மூடியிட்ட குழாய்கள் அதைத் தாங்கி நின்றன. தண்ணீர் நிறைந்தாலும் மிதக்க வேண்டும் என்பதே விதிகளுள் கடினமானது என்றும், அதை இவ்வளவு தாராளமாய் எவரும் செய்துகாட்டியதில்லை என்றும் அறிவித்து, நனைந்த பேனாவை உதறி எண் வழங்கினார். ஆனால் கீழே ஒரு நிபந்தனை எழுதி, உரக்கப் படித்தார்.

"குழாயை மூடத் தெரிஞ்சவங்க உள்ள இல்லாம இந்தப் படகு தண்ணியில இறங்கக் கூடாது. குழாய மாத்தினா முதல்லேருந்து பரிசோதனை."

ரம்பம் தாழ்ந்தது. ரோஜாச்செடிகள் தோற்றன. மிதவைச் சட்டை, ஊதல், தீயணைப்பான் ஆகியவற்றின் வரிசையில் மனையாளும் சட்டப்படி தோணியின் உறுப்பானாள். ஏரி வென்ற ஏந்தல், எண் பெற்ற ஏந்தல் என்று கரையிலிருந்த காகங்கள் கரைய, வீரன் அவள் முகத்தை நோக்கி, ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று ஈனசுரத்தில் வினவினான். அவள் புடவைத் தலைப்பை நிதானமாய்ப் பிழிந்தாள்.

"அடுப்படியில தண்ணி வரட்டும். அப்புறம் யோசிக்கிறேன்."

மறுநாள் காலையில் அவன் கடைக்குப் போய் ஒரு குழாய் வாங்கி வந்தான்.