குளத்துக்கு வெள்ளையடித்த கதை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. நான் நலம். உங்கள் மாமியாரும் நலம், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர. குளம்தான் நலமாக இல்லை.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள குளம் பாசி பிடித்துப் பச்சைப்பசேல் என்று மாறி நாறியபோது, சங்கச் செயலாளர் என்ற முறையில், எஃகு ஆலைப் பொறியாளரான உங்களிடம் யோசனை கேட்டது என் தப்பு. சோப்புத் தண்ணீரில் பாஸ்பரஸ் இருக்கிறது, அதைத் தின்றுதான் பாசி கொழுக்கிறது, எஃகு உருக்கும்போது மிஞ்சும் கசடு அந்தப் பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் என்று போனில் பாடம் எடுத்தீர்கள். “சோப்புத் தண்ணி யாரு வீட்டுல இருந்து வருது மாமா?” என்று வேறு கேட்டீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்மேல் சந்தேகம் என்றேன். வரும் ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தேர்தலில் என்னை எதிர்த்து நிற்பவர் அவர்தான். குளத்தில் கழிவுநீர் விடுபவர் யாராக இருந்தாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வீடு வீடாகச் சுற்றறிக்கையும் அனுப்பினேன்.

உங்கள் ஆலையிலிருந்து லாரியில் கசடு வந்தது. குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் குழி வெட்டி, கசடை நிரப்பி, தண்ணீரை அதன் வழியே விடச் சொன்னீர்கள், வாஸ்தவம்தான், ஆனால் குழி வெட்ட ஆள் யார்? பொருளாளர், “மருந்துதானே சார், மொத்தமா குளத்துலயே கொட்டிடுவோம், சீக்கிரம் குணமாகும்” என்றார், கமிட்டி கைதட்டியது, டிரைவர் கொட்டினார். அதில் இவ்வளவு சுண்ணாம்பு இருக்கும் என்று நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டாமா? மறுநாள் குளம் வெளுத்துவிட்டது, கால் கழுவப் போன காவலாளி எரிச்சல் தாங்காமல் குதித்துக்கொண்டே என் வீட்டுக் குழாய்க்கு ஓடிவந்தார், வாத்துகள் பக்கத்துக் குடியிருப்புக்குக் குடிபோயின, அங்கே அவற்றுக்கு வரவேற்புப் பலகை வேறு வைத்திருக்கிறார்கள். லிஃப்டில் தலைமையாசிரியர் என் காதில் விழும்படி, “செயலாளர் குளத்துக்கு வெள்ளையடிச்சுட்டாரு, அடுத்தது வாத்துக்கு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், உங்கள் மாமியார் உட்பட.

எனக்குப் பதவி ஆசை கிடையாது மாப்பிள்ளை. ஆனால் அந்த ஆளிடம் தோற்றுவிட்டு அதே லிஃப்டில் எப்படி ஏறி இறங்குவது? ஆகவே ஞாயிறு காலை நீங்களே நேரில் வந்து, எல்லார் முன்னாலும் தப்பு உங்களுடையது என்று ஒப்புக்கொண்டு, குளத்தை அடி தெரிகிற மாதிரி தெளிய வைத்துவிட்டுப் போகவும். முடியாதென்றால் என் வீட்டு வாசல்படி ஏற வேண்டாம்.

மகளுக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கு, தண்ணீர் தெளிந்த பிறகு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
செயலாளர் (ஞாயிறு வரை நிச்சயம்)

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் குளம் தெளிந்துவிட்டது. அடிவரை தெரிகிறது. நம் வாஷிங் மெஷினிலிருந்து குளத்துக்குள் நான் போட்டுவைத்த கறுப்புக் குழாயும் முழு நீளத்துக்குத் தெரிகிறது. தலைமையாசிரியர் என் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கரையில் நின்று காட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் மாமியாரும் பேசிவிட்டாள்: “அந்தக் குழாயப் போடாதீங்கன்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன்.” ஞாயிறு நீங்கள் வர வேண்டாம். தண்ணீரை மறுபடி பச்சையாக்க உங்கள் ஆலையில் ஏதாவது இருந்தால் உடனே லாரியில் அனுப்பவும். இல்லையென்றால் உங்கள் வீட்டில் எங்களுக்கு ஒரு அறை ஒழித்து வைக்கவும்.