செத்துப்போன சென்சரும் வெள்ளைப் பூவும்

சனிக்கிழமை எனக்குத் தந்த வேலை இவ்வளவுதான். மச்சாளின்ர கலியாண மேடைக்கு வெள்ளவத்தையில பூ ஏத்தி, பின்னேரத்துக்கு முதல் கொட்டாஞ்சேனை மண்டபத்தில இறக்கவேணும்.

என்ர டீசல் பிக்கப்பில ஒரு கிழமையா எஞ்சின் பிழை காட்டுற மஞ்சள் லைட். இழுவையும் இல்லை. கராஜில காட்டச் சொல்லி மனுசி வசந்தி சொன்னவ. நான் யூடியூப் பார்த்தனான். எஞ்சினுக்குள்ள போற காத்தை அளக்கிற சென்சரில ஊத்தை, துடைச்சாச் சரி எண்டு அவவுக்கு விளக்கமும் குடுத்தன்.

துடைச்சன். பழைய பல்லு பிரஷ்ஷால.

உள்ளுக்குள்ள தலைமயிர் மாதிரி ஒரு கம்பி இருந்தது. துடைச்சு முடிய அது இல்லை. முக்கியமான சாமான் எண்டால் கொஞ்சம் பெரிசாச் செய்திருப்பாங்கள் எண்டு மூடிட்டன்.

பூவை ஏத்திக்கொண்டு கொழும்புக் காலி வீதியில ஏறினதும் பிக்கப் நடக்கத் தொடங்கிட்டுது. அக்சிலேட்டரை அடிமட்டும் மிதிச்சும், சைக்கிள்காரர் என்னை முந்திப் போயினம்.

பம்பலப்பிட்டி தாண்டக் கண்ணாடியில பார்த்தன். பின்னால ரெண்டு காரும் ஒரு வானும் லைட்டைப் போட்டுக்கொண்டு அடக்கமா வருகுது. ஒருத்தரும் ஹோன் அடிக்கேல்லை.

எனக்கு விளங்கேல்லை. பக்கத்தில இருந்த வசந்திக்கு விளங்கிட்டுது.

"பின்னால முழுக்க வெள்ளைப் பூ. நீங்களும் வெள்ளைச் சேர்ட். இந்த வேகம். செத்தவீடு எண்டு நினைக்கினம்."

அடுத்த சந்தியில பொலிஸ்காரர் மற்றப் பக்கத்து பஸ்ஸெல்லாத்தையும் மறிச்சு, தொப்பியைக் கழட்டிக்கொண்டு கிட்ட வந்தார். என்ன நடந்தது எண்டு சிங்களத்தில கேட்டார். பிக்கப்பைத்தான் கேக்கிறார் எண்டு நினைச்சு, மூச்சு எடுக்கேலாமப் போச்சு எண்டன். எத்தினை வயசு எண்டார். பதினொண்டு எண்டன்.

"அனே, பவ்", ஐயோ பாவம் எண்டவர், கண்ணைத் துடைச்சுக்கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு எந்தச் சந்தியிலயும் நாங்கள் நிக்கேல்லை.

வசந்தி முந்தானைக்குள்ள முகத்தை மூடிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. வெளியில இருந்து பார்த்த சனத்துக்கு அது இன்னும் கவலையாப் போச்சு.

கொட்டாஞ்சேனைக்கு நாங்கள் நேரத்தோட போய்ச் சேர்ந்திட்டம். பூவை இறக்கிப்போட்டு, பக்கத்து ஸ்பெயார்பார்ட்ஸ் கடையில புதுச் சென்சர் வாங்கிப் பூட்டினன். லைட் அணைஞ்சுது. பிக்கப் சும்மா பறக்குது.

உடுப்பு மாத்த வெள்ளவத்தைக்குத் திரும்பினம். வழி முழுக்க ஹோன், பேச்சு, குறுக்கால வெட்டுற பஸ். போன நேரத்தைவிட ரெண்டு மடங்கு எடுத்தது. தாலி கட்டினதை நாங்கள் போனிலதான் பார்த்தம்.

கொழும்பில உயிரோட இருக்கிறவனுக்கு ஒருத்தரும் வழி விடமாட்டினம்.