படகுக்கு முதுகு காட்டியவர்

"கையில கருவியப் பிடிச்சுக்கிட்டு ஒரு படகைப் பார்த்தவன்னு மனித வரலாற்றுல ஒருத்தனும் கிடையாது" என்று பத்து மணிக் காபியின்போது சிக்வார்ட் அறிவித்தார். ஏலக்காய் ரொட்டி ஒன்றைச் சாட்சிக்கு உயர்த்திப் பிடித்திருந்தார். "காதுல கதை கேட்டுட்டு நிக்கிறவன் மாடு மாதிரிதான் நிப்பான். என்ன குன்வோர், சரிதானே?"

பார்வையாளர்கள் கழற்றித் தரும் கோட்டுகளை மாட்டிவைக்கும் கோட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் குன்வோர் உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தாள். ஸ்வீடனின் வடக்குக் கரையில் 'ஆமாம்' என்பதற்கு அவ்வளவுதான் செலவு. பத்தொன்பது வருடமாக அவளிடமிருந்து சிக்வார்டுக்குக் கிடைத்தது அந்த மூச்சு மட்டுமே. அதற்கு மேல் பேச அவர் இடம் விட்டதும் இல்லை.

மீன்பிடி அருங்காட்சியகத்தின் நான்காம் அறைக்கு அவர்தான் காவல். அங்கே இருப்பது ஒரே ஒரு பழைய படகு. புதிதாக வந்த இயக்குநர் தூவா, பார்வையாளர் ஒவ்வொருவர் கையிலும் கதை சொல்லும் ஒரு கருவியைக் கொடுத்துவிட்டாள். அதில் நான்காம் எண்ணை அழுத்திக் காதில் வைத்தால், படகோட்டியின் மனைவி ஹுல்டா, தான் கரையில் காத்திருந்த கதையை ஐந்து பாகமாகச் சொல்வாள். எந்த அறைக் கதையை எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்பது தூவாவின் கணினிக்குப் போய்விடும்.

"மாசக் கடைசில எந்த அறைக்குக் கேட்ட நேரம் கம்மியோ, அந்தக் காவலர் கோட்டு ரூமுக்கு" என்றாள் தூவா.

"ஈரக் கோட்டு நாத்தத்துல, அந்த ஊமைக் கோட்டான்கூடவா?" என்றார் சிக்வார்ட்.

முதல் வாரம் சராசரி நாற்பது நொடி. கதை இல்லாவிட்டால் படகைப் பார்ப்பார்கள், அறையில் நிற்கும் நேரமும் கூடும் என்று, சிக்வார்ட் தான் கேட்டே இராத கதையின் முடிவை வாசலிலேயே சொல்லிவிட்டார். "புருஷன் செத்துட்டான். கருவிய உள்ள வைங்க, படகைப் பாருங்க." அவர்கள் கருவியை உள்ளே வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். இருபது நொடி.

ஒரு நாற்காலி போட்டார். ஒரு டென்மார்க்காரர் கருவியைக் காதில் வைத்தபடியே இரண்டு மணி நேரம் தூங்கினார். கணக்கு ஏறியது. ஆனால் அவர் விட்ட குறட்டையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பே வெளியேறியது.

கடைசியில் சிக்வார்ட் தானே ஒரு கருவியை எடுத்தார். ஏமாற்றத்தான். இடுப்பில் தொங்கினால் கணக்கு ஏறாது, காதில் இருக்க வேண்டும்.

"அடுப்ப நான் அணைக்கல" என்றது கரகரத்த ஒரு குரல். "வந்தா கஞ்சி சூடா வேணும்பான். குளிர்ந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுப்பான், மகராசன்."

கணக்குக்காக இரண்டாம் பாகம் கேட்டார். கணக்குக்காக மறுநாளும் வந்தார். கணவன் சாகவில்லை என்பது ஐந்தாம் பாகத்தில் தெரிந்தபோது, கணக்குக்காகவே மூக்கைச் சிந்திக்கொண்டார்.

மாதக் கடைசியில் தூவா ஓடி வந்தாள். "நாலாம் அறைதான் முதல். சராசரி பத்தொன்பது நிமிஷம்."

"படகோட மகிமை" என்றார் சிக்வார்ட்.

"படகா? யாருன்னு தெரியல, ஒரே ஒரு ஆள் தினமும் வந்து அஞ்சு பாகமும் கேக்கறார். அதுவும் படகுக்கு முதுகு காட்டி, சுவரைப் பாத்து. கருவி எந்தப் பக்கம் திரும்புதுன்னு எங்களுக்குத் தெரியும். அதனால படகு கிடங்குக்குப் போகுது. இனி நாலு நாற்காலி, ஹுல்டா, அவ்வளவுதான். காவல் வேண்டாம்."

அந்த ஆள் யார் என்று ஒரு வார்த்தை சொன்னால் படகு பிழைக்கும். சிக்வார்ட் வாயைத் திறந்தார். காபி நேரத்தில் ரொட்டியை உயர்த்தி 'மாடு' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை படகு லாரியில் ஏறியது. சிக்வார்ட் கோட்டு அறைக்கு வந்தார். கூட்டம் ஓய்ந்ததும் ஈரக் கோட்டுகளுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்று, கருவியைக் காதில் வைத்தார். ஐந்தாம் பாகம்.

பின்னால் குன்வோர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. வழக்கமான 'ஆமாம்' என்று நினைத்தார். இழுத்த மூச்சு இந்த முறை பேச்சாக வெளியே வந்தது, கரகரவென்று.

"அத அணைச்சிடு, சிக்வார்ட். அஞ்சாவது பாகம் நான் பேசினதுல எனக்கே திருப்தி இல்ல, நேர்ல கேளு."