நகர்ந்தால் உண்ணி

உண்ணி ஆராய்ச்சி மற்றும் நோய்த் தடுப்பு நிலையத்தில் துணி இழுப்பது ஒரு முழுநேர அரசுப் பணி. சிரிக்க வேண்டாம். அந்தப் பணிக்கென்று தனிக் கோப்பு உண்டு, தனி நாற்காலி உண்டு, நாற்காலியின் முதுகில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதிய எண்ணும் உண்டு. பதினெட்டு வருடமாக அதில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் துணிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

வேலை இதுதான். மீட்டருக்கு மீட்டர் சதுரமாக ஒரு வெள்ளை ஃபிளானல் துணி, அதன் ஓரத்தில் ஒரு கம்பு, கம்பில் ஒரு கயிறு. வாரம் ஒரு காலை ஊரோரப் புல்வெளிக்குப் போய், அந்தத் துணியைப் புல்லின் மேல் நூறு தப்படி இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். ஏதோ ஆடு மாடு வருகிறது என்று நம்பி, புல் நுனியில் காத்திருக்கும் உண்ணிகள் துணியில் தொற்றிக்கொள்ளும். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணி, இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட் குப்பியில் போட்டு, எண்ணிக்கையை எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எண்ணிக்கை ஏறினால், காய்ச்சலோடு வருகிறவர்களின் உடம்பில் டாக்டர்கள் உண்ணிக் கடியைத் தேடுவார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஒரு வார மாத்திரையில் போய்விடும் காய்ச்சல் அது. விட்டுவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும்.

துணியை ஓரம் அடித்து, கம்பு நுழைய மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுப்பது துணிக்காரரின் அக்கா. தையல்காரி. அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். முன்னறை முழுக்க அக்காவின் தையல் மிஷினும் வெட்டிய துணிகளும். "ஊர்ல எத்தனையோ பேருக்குத் தைக்கிறேன். என் தையலைக் கிட்டத்துல வந்து பாத்து ரசிக்கிறது உன் உண்ணி மட்டும்தான்டா" என்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நிலையத்துக்கு ஒரு புது இயக்குநர் வந்தார். வந்தவர் வெறுங்காலோடு வந்தார். அவருடைய ஷூவை ஓட்டுநர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னால் வந்தார்.

அப்போது ஊருக்குள் வெறுங்கால் நடை என்று ஒரு நாகரிகம் புகுந்திருந்தது. செருப்பில்லாமல் புல்லில் நடந்தால் பூமியின் ஆற்றல் பாதம் வழியாக மேலே ஏறுமாம். மூட்டுவலி, தூக்கமின்மை, மேலதிகாரி மேல் வரும் கோபம் எல்லாம் அதே பாதம் வழியாகக் கீழே இறங்குமாம். செருப்பே இல்லாத ஜனங்கள் இத்தனை காலமும் இந்த ஆற்றலைச் சத்தமில்லாமல் அனுபவித்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை. படித்தவர்கள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் அது நடையாயிற்று.

இயக்குநரின் கனவு எளிமையானது. ஊரோரப் புல்வெளியை வெறுங்கால் பூங்காவாக அறிவிக்க வேண்டும். அதற்குக் குறுக்கே ஒரே ஒரு காகிதம் நின்றது. அதில் துணிக்காரர் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தார்.

"போன வாரம் எத்தனை?"

"முப்பத்தெட்டு சார்."

"ஆக, நீங்க இழுக்க இழுக்க ஏறிக்கிட்டே போகுது."

"மழை விட்டிருக்கு சார். இது அதுக்கு சீசன்."

இயக்குநர் மேஜை மேல் கிடந்த துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "என்ன துணி இது? வெள்ளைக் கொடி மாதிரி. பூச்சிகிட்ட சரணடையறதுக்கா அரசாங்கம் உங்களை வச்சிருக்கு? இதுல நிலையத்தோட சின்னம் எங்க?"

உடனே அடையாள மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. அது ஆறு முறை கூடி, ஆறு முறையும் தேநீர் அருந்தி, புதிய துணி ஒன்றைப் பரிந்துரைத்தது. நிலையத்தின் சின்னம் உண்ணி. எனவே தேயிலை நிறப் பாலியெஸ்டர் துணியில் கரும்பழுப்பு உண்ணிகள் அச்சடிக்கப்பட்டன, மொத்தம் ஆயிரத்து இருநூறு. அறிவியல் நிலையம் என்பதால் அளவில் துல்லியம் வேண்டும் என்று குழுவில் ஒருவர் அடம் பிடித்ததால், ஒவ்வொன்றும் உண்மையான உண்ணியின் அளவிலேயே இருந்தது.

அக்கா அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். "வழவழன்னு இருக்கு. இதுல ஈ உக்காந்தாலே சறுக்கி விழும். என் துணிக்கு என்ன கேடு?"

"சின்னம் இல்லையாம் அக்கா."

"அந்த அளவுக்குச் சின்னப் பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு, தைத்து வைத்திருந்த கடைசி வெள்ளைத் துணியை மடித்து மேல் டிராயரில் போட்டாள்.

முதல் வாரம் புதுத் துணியை இழுத்துவிட்டுத் திருப்பிப் போட்ட துணிக்காரருக்குத் தலை சுற்றியது. கண்ணுக்கு முன்னால் ஆயிரத்து இருநூறு உண்ணிகள். அதில் எத்தனை புல்வெளியினுடையவை, எத்தனை அச்சகத்தினுடையவை? இயக்குநரிடம் போய்க் கேட்டார். மறுநாளே எழுத்து மூலம் ஆணை வந்தது: "துணியில் காணப்படும் உருவங்களுள் பத்து விநாடிகளுக்குள் நகர்பவை உண்ணி எனவும், நகராதவை நிலையத்தின் சின்னம் எனவும் கொள்ளப்படும்."

"சார், துணியைத் திருப்பிப் போட்டா அது காலை மடக்கிக்கிட்டு செத்த மாதிரி கிடக்கும் சார். அப்படி நடிச்சுத்தான் அது பொழைக்குது."

"அப்ப நகரலை."

"நகரலை. ஆனா..."

"நகராதது நம்ம சின்னம். நிலையத்தோட சின்னத்தையே சந்தேகப்படறீங்களா?"

துணிக்காரர் யாரையும் சந்தேகப்பட்டுப் பழக்கமில்லாதவர். பூஜ்யம் என்று எழுதினார். முதல் வாரம் அதை எழுதும்போது கை கூசியது. இரண்டாம் வாரம் அவ்வளவு கூசவில்லை. ஆறாம் வாரம், காலையில் புல்வெளிக்குக் கிளம்பும் முன்பே எழுதி முடித்துவிட்டுக் கிளம்பினார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எண்ணாமல் இருப்பது எண்ணுவதைவிடச் சுகமாகவே இருந்தது.

பன்னிரண்டு வாரம் தொடர்ந்து பூஜ்யம் வந்ததும், அந்த வட்டாரம் உண்ணியற்ற பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்டது. இல்லாத பூச்சியால் நோய் வர நியாயமில்லை என்பதால், ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரின் நோய்ப் பட்டியலிலிருந்து உண்ணிக் காய்ச்சல் நீக்கப்பட்டது. வெறுங்கால் பூங்காவை இயக்குநரே திறந்து வைத்தார். வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் துணிக்காரரின் கையெழுத்தை ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு மிஷின் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துபோயிருந்தது. அவளும் பூங்காவுக்குக் கிளம்பினாள்.

"எதுக்கும் செருப்பு போட்டுக்கிட்டுப் போ அக்கா."

"செருப்பு போட்டா அது என்னடா வெறுங்கால் நடை? உண்ணி இல்லைன்னு பலகை வச்சிருக்காங்க. கீழ உன் கையெழுத்து. பொய்யா?"

"பொய்யின்னு இல்ல..."

"பொய்யில்லைன்னா சரி" என்று அக்கா செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போனாள். அதைத் தடுக்காமல் நின்றதை அவர் பிற்பாடு பல நாள் நினைத்து நினைத்து மாய்ந்துபோனார்.

பத்தாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் கொதித்தது. முழங்காலுக்குப் பின்னால் கறுத்த பொருக்கு ஒன்று, அதைச் சுற்றிச் சிவப்பு. அதைப் பார்த்ததும் துணிக்காரருக்கு என்னவென்று புரிந்துவிட்டது. பதினெட்டு வருடம் அந்தப் பொருக்கின் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். "பொருக்கு, காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் தடிப்பு. சந்தேகமே வேண்டாம், உண்ணிக் காய்ச்சல்."

"மாத்திரை எழுதுங்க டாக்டர்."

"எழுத முடியாதே. நோயோட பேரைப் போட்டாத்தான் கம்ப்யூட்டர் சீட்டு தரும். சீட்டு இல்லாம மருந்துக்கடையில தரமாட்டாங்க. அந்தப் பேரு பட்டியல்லயே இல்ல. உங்க நிலையம்தான் எடுக்கச் சொல்லிச்சு." திரையைத் திருப்பி நிலையத்தின் அறிக்கையைக் காட்டினார். "இதோ பாருங்க. கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு. யாருது?"

"என்னுது" என்றார் துணிக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கிட்டத்துல இருக்கறது தட்டம்மை. அதைப் போடட்டுமா?"

"தட்டம்மைக்குக் கொடுக்கறதுல இது கேக்குமா?"

"கேக்காது. ஆனா சீட்டு வந்துடும்."

பெஞ்சில் கண்ணை மூடிப் படுத்திருந்த அக்கா முனகினாள். "டேய், நான் போயிட்டா இல்லாத பூச்சி கடிச்சுப் போயிட்டான்னு எல்லாருக்கும் சொல்லிடு. வாசப் பலகையிலயே எழுது. இடம் நிறைய இருக்கு."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "எண்ணின ஆளே உண்ணி இருக்குன்னு எழுதிக் கொடுத்தா நான் பட்டியலைத் திறந்துடலாம், விதியில இடம் இருக்கு. நாளைக்குள்ள கொண்டாங்க. சிறுநீரகத்தைப் பிடிச்சுட்டா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

துணிக்காரர் வீட்டுக்கு ஓடினார். மேல் டிராயரிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு நேராகப் புல்வெளி. நூறு தப்படி இழுத்துத் திருப்பிப் போட்டு, வெகுநாளைக்குப் பிறகு உண்மையாகவே எண்ணினார். அறுபத்து மூன்று. அதில் பாதிக்கு மேல் நடிக்கவும் மறந்து ஜோராக நடந்துகொண்டிருந்தன. துணியை அப்படியே சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வந்தார்.

இயக்குநர் அலுவலகப் புல்தரையில் வெறுங்காலோடு உலாவிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையாக, பதவி மூப்பு தவறாமல், மற்ற அதிகாரிகள்.

"சார், அறுபத்து மூணு."

"எந்தத் துணியில?"

"வெள்ளைத் துணியில சார்."

"அங்கீகாரமில்லாத துணியில ஏறினது அங்கீகாரமில்லாத உண்ணி. கணக்குல வராது."

"நகருது சார்! நீங்களே பாருங்க!"

"நகரட்டும். எந்தத் துணி மேல நகருதுங்கறதுதான் கேள்வி." இயக்குநர் ஒரு காலால் மறுகாலைச் சொறிந்தபடி நடையைத் தொடர்ந்தார்.

துணிக்காரர் உள்ளே போய் எண் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் இயக்குநர் மேல் பாதி, தன் மேல் பாதி. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார்: "பன்னிரண்டு வாரமும் துணியில் உண்ணி இருந்தது. எது உண்ணி, எது சின்னம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவுமில்லை. பூஜ்யம் என்று எழுதியது பொய்." கீழே அதே அழகான கையெழுத்து. நிலையத்தின் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பட்டியல் திறந்தது. சீட்டு வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது, ஐந்தாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்து, தான் படுத்திருந்த போர்வையின் தையல் சரியில்லை என்றாள். துணிக்காரர் முகம் கழுவுகிற சாக்கில் குழாயடியில் நின்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாமெல்லாம் நல்லவர்கள் என்று அர்த்தம். விசாரணைக் குழு என்று ஒன்று உட்கார்ந்தது. துணிக்காரரின் கடிதம், "நோயாளியின் உறவினர் மனக்கலக்கத்தில் எழுதியது" என்று ஓரமாக வைக்கப்பட்டது. பிறகு குழு ஆதாரங்களை அறிவியல் முறைப்படி அலசியது. வெள்ளைத் துணி இழுத்த பதினெட்டு வருடமும் உண்ணி இருந்தது. அச்சுத் துணி இழுத்த பன்னிரண்டு வாரமும் உண்ணி இல்லை. மறுபடி ஒரே ஒரு நாள் வெள்ளைத் துணி இழுக்கப்பட்டது, உடனே அறுபத்து மூன்று. ஆகவே உண்ணிகள் உருவாக மூலகாரணம் வெள்ளைத் துணியே என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது.

வெள்ளைத் துணி தடை செய்யப்பட்டது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் ஜனங்கள் வரிசையில் நின்று ஒப்படைத்தார்கள். திருட்டுத்தனமாக ஒரு வெள்ளைக் கைக்குட்டை வைத்திருந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரரே காட்டிக்கொடுத்தார். உண்ணி அச்சிட்ட துணி பாதுகாப்புத் துணி என்று பெயர் வாங்கி, பிறகு நாகரிகமாகவும் ஆகிவிட்டது. சட்டையில் உண்ணி, கவுனில் உண்ணி, பிறந்த குழந்தையைச் சுற்றும் துண்டிலும் உண்ணி. பட்டியல் மறுபடி மூடப்பட்டது. அந்த மாதம் இயக்குநர் தட்டம்மை கண்டு நீண்ட விடுப்பில் போனார். அவருக்குப் பின்னால் உலாவியவர்களுக்கும் தட்டம்மைதான், பதவி மூப்பின்படி.

துணிக்காரரைப் பூங்கா வாசலுக்கு மாற்றினார்கள். உண்ணி போட்ட சீருடையில் நின்று, வெள்ளை உடுத்தியவர்களைத் திருப்பி அனுப்புவது வேலை. அக்காவுக்கோ தைக்க நேரமில்லாத அளவுக்கு ஆர்டர்.

"ஏன் அக்கா இந்தத் துணியைத் தைக்கிற?" என்று ஒருநாள் கேட்டார்.

"நீ ஏன்டா அந்தச் சீருடையைப் போட்டுக்கிட்டு நிக்கிற?" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் டாக்டர் வீட்டுக்கு வந்தார். வெள்ளைக் கோட்டு கூடாது என்று ஆஸ்பத்திரிக்கும் சுற்றறிக்கை போயிருந்தது. பூங்காவில் நடையை முடித்துக்கொண்டு, அக்கா தைத்து வைத்திருந்த புதுக் கோட்டை வாங்க நேராக வந்திருந்தார். போட்டுப் பார்த்து, கண்ணாடியின் முன் இப்படியும் அப்படியும் திரும்பினார். சுவரோரம் உட்கார்ந்திருந்த துணிக்காரர் சடாரென்று எழுந்தார்.

"டாக்டர், அசையாதீங்க. இடது கையில ஒண்ணு மேல ஏறுது."

மூன்று பேரும் குனிந்தார்கள். ஏறிக்கொண்டிருந்தது நின்றது. காலை மடக்கிக்கொண்டது.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிதானமாகப் பத்து விநாடி எண்ணினார். "நகரலையே. சின்னம்தான்."

துணிக்காரர் சட்டைப் பையிலிருந்து இடுக்கியை எடுத்தார். "இருங்க, எடுத்துடறேன்."

"ஐயோ, புதுத் துணியைக் கிள்ளாதீங்க, நூல் பிரிஞ்சுடும்" என்று டாக்டர் கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் இப்படித்தான் டாக்டர் வந்துது" என்றாள் அக்கா.

"உங்களுக்கு வந்தது தட்டம்மைம்மா. போன வாரம்தான் நானே பதிவேட்டைத் திருத்தினேன்" என்று சொல்லி, டாக்டர் கழுத்து வரை பொத்தானைப் போட்டுக்கொண்டார்.