கம்ப்யூட்டருக்கு விழுந்த பாடு

"யாருய்யா இந்தக் கம்ப்யூட்டர் ஒண்ணு? எந்தக் குப்பம்? அவனுக்கு எப்படி முகத்துவாரப் பாடு வுழும்?"

திங்கட்கிழமை காலை, மீனவர் சங்கத்துக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைத் தட்டித் தட்டிக் கேட்டார் பெருமாள். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இளங்கோவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்ற முறைக்குப் பாடு என்று பெயர். காலங்காலமாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 1988-ஆம் வருஷம் பிறந்தும் இன்னும் சீட்டா என்று மெட்ராஸ் அலுவலகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கம்ப்யூட்டரையும் அதை ஓட்ட இளங்கோவனையும் அனுப்பி வைத்தார்கள். கம்ப்யூட்டர் போடும் பட்டியலை ஊரே ஒப்புக்கொண்டால்தான் அது அமலுக்கு வரும்.

கூடவே வந்த புரோகிராம், தொழிற்சாலையில் எந்த மெஷினுக்கு எந்த வேலை என்று முறை போடுகிற புரோகிராம். மெஷின் பெயர் கேட்ட இடத்தில் மீனவர் பெயரையும், வேலை கேட்ட இடத்தில் பாட்டையும் அடித்துச் சமாளித்தான் இளங்கோவன். ஆனால் அந்தப் புரோகிராமுக்கு ஒரு பிடிவாதம். தான் ஓடுகிற கம்ப்யூட்டரின் பெயரும், அதாவது 'கம்ப்யூட்டர் 1' என்ற ஹோஸ்ட்நேமும், பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். இருந்தால், தர்மப்பிரபுவாக அதற்கும் ஒரு பாடு ஒதுக்கிவிடும்; அதுவும் ஏரி கடலில் சேருகிற, மீன் கொழிக்கிற முகத்துவாரத்தையே.

இளங்கோவன் ஆறு மாதத் தற்காலிக ஊழியன். ஆரம்பாக்கத்து வசந்தாவைப் பார்த்துப் பேசி முடித்தாயிற்று. "வேலை நிரந்தரம்னு காயிதம் காட்டுங்க, பொண்ணைக் கூட்டிகினு போங்க" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மெட்ராஸிலிருந்து அதிகாரி வருகிறார். அதற்குள் பட்டியல் சரியாகாவிட்டால் வேலையும் போச்சு, வசந்தாவும் போச்சு.

"அது ஆள் இல்லீங்க, இந்த மெஷின்தான்" என்றான் பெருமாளிடம்.

"மெஷினுக்கு எதுக்குய்யா மீனு? சரி, படகுல ஏத்தி வுடு. எப்படி வலை போடுதுனு நாங்களும் பாக்கறோம்!"

அவர் போனதும் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்தான். 'ஹோஸ்ட்நேம் கிடைக்கவில்லை' என்று சொல்லிவிட்டு மெஷின் படுத்துக்கொண்டது. பொன்னேரிக்கு ஓடிப்போய் மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டான்.

"என்ன பேர் வேணா வைப்பா. மெஷின்லயும் பட்டியல்லயும் ஒரே பேரா இருக்கணும், அவ்வளவுதான்" என்று போனை வைத்துவிட்டார்கள்.

என்ன பெயர் வேண்டுமானாலுமா? திரும்பி வந்து பழைய உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினான். சிவப்பு மையில் அடித்திருந்த ஒரு பெயர் கிடைத்தது: கன்னியப்பன். செத்து எட்டு வருஷம். பாடு விழுந்தாலும் வந்து கேட்க மாட்டார். அந்தப் பெயரையே மெஷினுக்கு வைத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கன்னியப்பன் வரவில்லைதான். அவர் மனைவி காசியம்மாள் வந்தாள். பின்னால் மூன்று மகன்கள், தோளில் வலை.

"எங்க வூட்டுக்காரரு பேரு கதவுல கீதாமே? அப்பன் பாடு புள்ளைங்களுக்குத்தானே?"

"அம்மா, அது உங்க வீட்டுக்காரர் இல்ல. இந்தக் கம்ப்யூட்டர்."

காசியம்மாள் கம்ப்யூட்டரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ அதையும் வூட்டுக்கு அனுப்பு. அவரு பேரை வெச்சுகினு இங்க இன்னாத்துக்கு அநாதையாட்டம் குந்திகினு கீது?"

மூத்தவன், "வா நைனா!" என்று கம்ப்யூட்டர் திரையைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான். இளங்கோவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இறக்கி வைத்தான்.

சாமி பெயர் வைத்தால் எவன் சண்டைக்கு வருவான்? எல்லையம்மன் என்று மாற்றினான். அவசரத்தில் மெஷினில் மட்டும் மாற்றிவிட்டுப் பட்டியலில் மறந்தான். அது மறுபடி படுத்தது. இரண்டிலும் மாற்றியதும் பட்டியல் ஜம்மென்று வந்தது.

புதன்கிழமை கோயில் தர்மகர்த்தா சுப்பராயலு மேளதாளத்தோடு வந்தார். கம்ப்யூட்டருக்கு மஞ்சள், குங்குமம், மாலை. சுற்றி உடைத்த தேங்காயின் தண்ணீர் கீபோர்டில் இறங்கியது. பாதி எழுத்துகள் அதோடு சரி.

"முகத்துவாரத்தை அம்மனுக்குக் குடுத்துட்டா எங்க சனம் இன்னா துன்றது?" என்று உடனே பாய்ந்தார் சுப்பராயலு.

"பேரை எடுத்துடறேங்க."

"அம்மன் பேரை எடுப்பியா? கை இருக்காது, சொல்லிட்டேன்!"

அவர் போன பிறகு, கூட்டுகிற குப்பம்மா தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கினாள். இளங்கோவன் நாற்காலியில் அழாமல் அழுதான்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். மாலை போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்ததும் செருப்பை வெளியே விட்டார். மூன்று நாள் கதையையும் கேட்டு நெற்றியைத் தடவினார்.

"ஒரு பேர் வைக்கிறதுல இவ்வளவு சிக்கலா? இது ஆறு மாசத்துல தீர்ற சண்டை இல்லப்பா. இதுக்கு நிரந்தரமா ஒரு ஆள் வேணும்" என்று, அங்கேயே காகிதத்தில் கையெழுத்தைப் போட்டார்.

ஜீப் மறைந்ததும் இளங்கோவன் ஒரு குதி குதித்தான்.

"குப்பம்மா! வேலை நிரந்தரம்! ஆமா, இன்னிக்கு மட்டும் ஏன் யாரும் சண்டைக்கு வரல?"

குப்பம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"பட்டியல் ஒத்துக்கினா நம்ம சீட்டு பூடுமேனு, உங்ககிட்ட சண்டை போடறதுக்கும் சீட்டு குலுக்கித்தான் சார் நாள் பிரிச்சிகினாங்க, இன்னிக்கு லீவு, நாளைக்கு என் பாடு, கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க."